தாடைக்கடியில் இரண்டு விரல்

மூன்றரை மாதக் குழந்தையோடு போகிறவனுக்குத் திருச்சியிலிருந்து காரைக்குடி தொண்ணூறு கிலோமீட்டர் இல்லை. அதைப் போல மூன்று மடங்கு. காலை பத்து மணிக்குத் திருச்சி ஜங்ஷன் நடைமேடையில் நின்றபோதே எனக்குப் போய்த் திரும்பி வந்துவிட்ட களைப்பு இருந்தது.

என் மனைவி வள்ளிக்குப் பிறந்த ஊர் காரைக்குடி. அங்கே அவளுடைய அக்கா உமையாள் ஆச்சி வீட்டில் அன்று சாயங்காலம் பிள்ளையார் நோன்பு. எங்கள் மகள் மெய்யம்மைக்கு அது முதல் நோன்பு என்பதால் வராமல் இருக்கக் கூடாது என்று உத்தரவு. வள்ளிக்கோ குழந்தையைத் தூக்கித் தூக்கி வலது கைக் கட்டைவிரலின் அடியில் வீங்கிப்போய், மணிக்கட்டில் பட்டை போட்டிருந்தார்கள். ஒரு மாதத்துக்குப் பிள்ளையைத் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ராத்திரியெல்லாம் பால் கொடுப்பது அவள் வேலை, பகலெல்லாம் சுமப்பது என் வேலை. இரண்டு பேருமே தூங்குவதில்லை.

சுமப்பது என்றால் கையில் இல்லை, நெஞ்சில் கட்டிய துணியில். அந்தத் துணி வந்து சேர்ந்ததே தனிக் கதை. முதலில் இணையத்தில் ஒன்று வாங்கினேன். ஒரு தோளில் மாட்டித் தொங்கவிடும் ஆழமான பை. படத்தில் அந்த வெள்ளைக்காரக் குழந்தை அதற்குள் சொகுசாகத் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் குழந்தையை உள்ளே விட்டதும் மடித்த கொழுக்கட்டை மாதிரி சுருண்டு, தாடை நெஞ்சில் போய் அழுந்திக்கொண்டது. அன்றே திருப்பி அனுப்பினேன். அடுத்து முதுகுப்பை போல வாரும் கிளிப்பும் வைத்த ஒன்று. நல்ல சரக்குதான், ஆனால் வளர்ந்த பிள்ளைக்கானது. மெய்யம்மை அதற்குள் கழுத்துவரை மூழ்கிப்போனாள். அது இப்போது பரணில் அவள் வளர்வதற்காகக் காத்திருக்கிறது. கடைசியில் ஐந்து மீட்டர் நீளத்தில் நல்ல கைத்தறிப் பருத்தித் துணி ஒன்று அமைந்தது. இழுத்தால் நீளாது. இரண்டு தோளிலும் குறுக்காகப் போட்டு இடுப்பைச் சுற்றி முடிய வேண்டும்.

மெய்யம்மையைப் பார்க்கும் குழந்தைகள் டாக்டர் தன் எதிரிலேயே என்னைக் கட்டிக் காட்டச் சொல்லி, முகத்தைச் சுளித்து, அவிழ்த்து, மறுபடி கட்டச் சொன்னார். குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்கும் உயரத்தில் பிள்ளை இருக்க வேண்டும். முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இரண்டு விரல் போகும் இடைவெளி வேண்டும். துணி தொய்யக் கூடாது, தொய்ந்தால் முதுகு வளைந்து மூச்சுக்குழாய் அடைபடும். முழங்கால் பிட்டத்தைவிட மேலே, தவளைக் கால் மாதிரி. அடுப்புப் பக்கம் போகாதீர்கள், வண்டியில் இந்தத் துணியை நம்பாதீர்கள் என்றவர், கடைசியாக என் கண்ணுக்கடியில் இருந்த கருப்பைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்களுக்குத் தூக்கம் வந்தா முதல்ல அவளை இறக்குங்க. கட்டிக்கிட்டுத் தூங்காதீங்க."

ஆளுக்கு நாற்பத்தைந்து ரூபாய் டிக்கெட். பத்தே காலுக்கு ரயில் கிளம்பியது. வள்ளி கீரனூர் வருவதற்குள் ஜன்னலில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். எனக்கு அந்த வாய்ப்பு இல்லை. புதுக்கோட்டையில் ஏறி எதிரில் உட்கார்ந்த ஓர் அம்மாள், திருமயத்தில் இறங்க வேண்டியவராம், என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏப்பா, பிள்ளைய இப்புடி இறுக்கிக் கட்டிருக்கீகளே, மூச்சு முட்டாதா?"

"முட்டாதும்மா. முகம் வெளியதான இருக்கு."

"என்னமோ போங்க" என்றார். அடுத்த நிமிடம் ஜன்னல் காற்று சில்லென்று அடிக்க, மூச்சு முட்டும் என்று கவலைப்பட்ட அதே அம்மாள் எட்டி, துணியின் ஓரத்தை இழுத்து மெய்யம்மையின் முகத்தை முழுசாக மூடினார். நான் விலக்கினேன். அவர் மூடினார். நான் விலக்கினேன். திருமயம் வரும்வரை இப்படியே ஓடியது. இறங்கும்போதும் பிள்ளையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, போகிற போக்கில் ஒருமுறை மூடிவிட்டுத்தான் போனார். கோபப்படவும் முடியவில்லை.

செட்டிநாடு ஸ்டேஷனில் கானாடுகாத்தான் வீடுகளைப் பார்க்க வந்த கூட்டம் கேமராவும் தொப்பியுமாக இறங்கிப் போனது. ரயில் காலியாகி, பன்னிரண்டு மணிக்குக் காரைக்குடியில் எங்களை உதிர்த்தது. ஆட்டோக்காரர் என் நெஞ்சுக் கட்டைப் பார்த்துவிட்டு, "அண்ணே, கை ஒடிஞ்சுபோச்சா? ஆசுபத்திரிக்கா?" என்றார். உள்ளே பிள்ளை இருப்பதைக் காட்டியதும் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஆச்சி வீடு இருக்கும் சுப்பிரமணியபுரத்துக்கு நூற்றைம்பது ரூபாய். வண்டியில் துணியை நம்பாதே என்று டாக்டர் சொன்னது மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஆட்டோவுக்கு வேறு என்ன வழி? இரண்டு கையாலும் அவளை அணைத்துக்கொண்டு, "மெதுவாப் போங்க, மெதுவாப் போங்க" என்று வழியெல்லாம் புலம்பினேன். மனிதர் பாவம், நடந்து போகிறவர்களெல்லாம் எங்களைத் தாண்டிப் போகும் வேகத்தில் ஓட்டிவந்தார்.

நோன்பு வீட்டைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. அரிசி மாவும் வெல்லமும் சேர்த்துப் பிசைந்து, ஒரு சின்ன உருண்டையில் நூலிழைகளைத் திரியாகச் செருகிப் பற்றவைப்பார்கள். இதற்கு இழை என்று பெயர். வீட்டுப் பெரியவர் அதை எரிய எரியக் கையில் எடுத்துக் கொடுக்க, ஒவ்வொருவரும் வாங்கிச் சுடரோடு வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். வாய்க்குள் போனதும் அணைந்துவிடும். கைக்குழந்தைக்கு உரிய இழையை அப்பனோ ஆத்தாளோ வாங்கிச் சாப்பிட வேண்டும். காரைக்குடியில் பிறந்தவர்களுக்கு இதில் விசேஷம் ஒன்றுமில்லை, பணியாரம் சாப்பிடுகிற மாதிரிதான்.

உமையாள் ஆச்சி வாசலுக்கே ஓடிவந்தார். வள்ளியைவிடப் பத்து வயது மூத்தவர். பேங்கில் வேலை. ஒரு நிமிடம் சும்மா இருக்கத் தெரியாதவர். "வாங்க தம்பி, வாங்க. என்ன இது, கங்காரு மாதிரி வாரீக!" என்று சிரித்துக்கொண்டே பிள்ளையின் கன்னத்தில் மை வைத்தார். மெத்தையில் போட்டால் மெய்யம்மை வீறிட்டாள். தொட்டிலில் போட்டால் அதைவிட உரக்க வீறிட்டாள். என் நெஞ்சில் கட்டினால் மட்டும் சத்தம் இல்லை. ஆகவே மத்தியானம் முழுக்கக் கட்டிக்கொண்டே ஹாலில் நடந்தேன். வருகிறவர் போகிறவரெல்லாம் பிள்ளையைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஆளுக்கு ஒருதரம் மூடினார்கள். மார்கழிப் பனி என்றார் ஒருவர். கண் படும் என்றார் இன்னொருவர். விலக்கி விலக்கி எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சாயங்காலம் சமையலறையில் பணியாரம் வெந்துகொண்டிருந்தது. சற்றே உட்காரலாம் என்று சோபாவில் சாய்ந்தேன். தூக்கம் வந்தால் இறக்கு என்பது நினைவில் இருந்தது. இறக்கினால் அழுவாளே என்பதும் இருந்தது. இரண்டு நிமிடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான் தெரியும்.

கண் விழித்தபோது என் நெஞ்சு வேர்த்து நனைந்திருந்தது. குனிந்தால் பிள்ளையின் முகம் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிவப்புப் பட்டுத் துணி, ஓரமெல்லாம் கட்டுக்குள் பத்திரமாகச் செருகியிருந்தது. உருவி எறிந்தேன். நான் சரிந்து உட்கார்ந்ததில் கட்டு தொய்ந்து அவள் கீழே இறங்கிச் சுருண்டிருந்தாள். தாடை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. சத்தமே இல்லை. விரலைக் கொடுத்து முகத்தை நிமிர்த்தினேன். அவள் நீளமாக ஒரு மூச்சு இழுத்தாள், தும்மினாள், பிறகு வீடே அதிர அழுதாள்.

"யாரு மூடுனது?" என்று கத்தினேன். ஹாலில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

சமையலறையிலிருந்து உமையாள் ஆச்சி கரண்டியோடு வந்தார். "நாந்தேன். ஏன், என்னாச்சு?"

"மூச்சு விட முடியாம தாடை ஒட்டிக்கிடந்துச்சு ஆச்சி. முகத்தை மூடாதீங்கன்னு காலைலேருந்து எத்தனை பேருகிட்டதான் சொல்றது?"

"பொகையா இருக்கு, பனி வேற எறங்குது, வாரவுக கண்ணெல்லாம் பிள்ள மேலதான் இருக்குன்னு மூடுனேன். அவளுக்கு நோன்புக்குன்னு வாங்குன பட்டு தம்பி அது. நான் என்ன, பிள்ளையக் கொல்லவா பாத்தேன்?" குரல் உடைந்து உள்ளே போய்விட்டார்.

வள்ளி பக்கத்தில் வந்து பிள்ளையின் முதுகைத் தடவினாள். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, "ஆச்சி மேல மட்டும் பாயாதீக. கட்டிக்கிட்டே தூங்குனது யாரு?" என்றாள். கட்டை அவிழ்த்து, உயர்த்தி, இறுக்கி மறுபடி கட்டினேன்.

விளக்கு வைத்த பிறகு எல்லோரும் பிள்ளையார் முன்னால் கூடினார்கள். ஆச்சியின் கணவர் அண்ணாமலை அண்ணன்தான் இழை கொடுப்பவர். "முதல்ல குழந்தை. வாங்க மாப்பிள்ளை, பிள்ள நெஞ்சோடயே இருக்கட்டும். ரெண்டு இழையும் நீங்களே வாங்கிக்கிருங்க" என்றார். அவர் கையில் திரி எரிந்தது. என் வாய்க்கு ஒரு சாண் கீழே மெய்யம்மையின் தலை. இடுப்பில் முடிந்த துணியின் வால் வேறு தொங்கிக்கொண்டிருந்தது. அந்தச் சுடரை இந்தத் தலைக்கு மேலாகக் கொண்டுவருவதா? ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முன்தான் நல்ல நாளும் அதுவுமாகக் கத்தித் தீர்த்திருந்தேன். இன்னொரு முறை முடியாது என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. பேசாமல் வாங்கிக்கொண்டு விடலாம் என்றுதான் நினைத்தேன். கையைக்கூட நீட்டிவிட்டேன்.

"இருங்க!"

உமையாள் ஆச்சி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அழுத முகத்தைக் கழுவியிருந்தார். "நெருப்பு வாங்குற எடத்துல பிள்ளைக்கு என்ன வேலை? அவுத்து இங்குட்டுக் குடுங்க தம்பி."

"நீ இழை எடுத்துக்கிறலையா?" என்றார் அண்ணன். அந்த வீட்டில் அவருக்கு அடுத்தபடி ஆச்சிதான் இழை வாங்குவது வழக்கம்.

"நான் கடைசியா எடுத்துக்கிறேன். நீங்க ஆரம்பிங்க."

பிள்ளையை வாங்கிக்கொண்டு எதிர்ச் சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்க்காமலே, "தாடை எம்புட்டுத் தூக்கி இருக்கணும்?" என்று கேட்டார்.

"ரெண்டு விரல் போகணும் ஆச்சி."

விரலை வைத்துப் பார்த்து, கொஞ்சம் நிமிர்த்தி, மறுபடி வைத்துப் பார்த்தார். நான் இழையை வாங்கி வாயில் போட்டேன். ஒரு சூடு, பிறகு வெல்லமும் லேசான கருகலும். இரண்டாவது மெய்யம்மைக்காக. திரும்பிப் பார்த்தபோது ஆச்சி பிள்ளையாரையும் பார்க்கவில்லை, சுடரையும் பார்க்கவில்லை. மடியில் இருந்தவளின் மூக்கை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது. தூக்கம் கெட்டவனுக்கு அது சீக்கிரம் வரும்.

இருபது பேர் வாங்கி முடித்த பிறகு ஆச்சி தன் இழையை வாங்கிக்கொண்டார். என் மேல் கோபம் தீர்ந்ததா என்று தெரியவில்லை. சாப்பாட்டில் எனக்கு மட்டும் இரண்டு பணியாரம் குறைவாக விழுந்த மாதிரி இருந்தது.

மறுநாள் காலை ரயிலுக்கு வழியனுப்ப உமையாள் ஆச்சியும் வந்தார். நல்ல பனி. பையிலிருந்து ஒரு குல்லாவை எடுத்துப் பிள்ளைக்கு மாட்டினார். "தலைக்கு மட்டுந்தேன். மூஞ்சிக்கு ஒண்ணும் கொண்டாரல" என்றார். சிரிப்பதா கூடாதா என்று தெரியாமல் தலையாட்டிவைத்தேன்.

திருச்சியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் யாரும் எங்கள் பிள்ளையை மூடுவதில்லை. யாரும் எட்டிப் பார்ப்பதும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு நானும் வள்ளியும் மாறி மாறி அவளுடைய மூச்சைக் காவல் காக்கிறோம். ஒரு நாள் முழுக்கக் காரைக்குடிக் கைகளைத் தட்டித் தட்டி அலுத்துப்போன எனக்கு, அந்தக் கதவை நினைத்ததும் இன்னும் அலுப்பாக இருந்தது.

ரயில் நகர்ந்தது. நான் ஜன்னல் வழியாகக் கையசைத்தேன். ஆச்சி அசைக்கவில்லை. கூடவே நாலு எட்டு நடந்து, தன் தாடைக்கடியில் இரண்டு விரலை வைத்து எனக்குக் காட்டினார்.

குனிந்து பார்த்தேன். பிள்ளையின் தாடை சரிந்துதான் இருந்தது.