கைதட்டியவர்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்திருக்கவே எனக்கு மனமில்லை. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். நாமக்கல்லைச் சுற்றியுள்ள விடுதிப் பள்ளிகளுக்குச் சீருடை தைத்துக் கொடுப்பதுதான் என் தொழில். அந்த வாரம் முழுக்கத் தையல் மிஷின் முன்னாலேயே உட்கார்ந்து இடுப்பு விட்டுப் போயிருந்தது. இதற்கு நடுவில் நான் பேரூராட்சி வார்டு கவுன்சிலர் வேறு. எங்கள் வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது கட்சிக்காரர்கள் என் வீட்டுக்காரரைக் கேட்டார்கள். அவர் என்னைக் கேட்டார். நின்றேன், ஜெயித்தேன். அப்புறம் யாரும் அவரிடம் எதுவும் கேட்பதில்லை. எல்லாம் என்னிடம்தான்.

அன்றைக்கு மண்டபத்தில் சாதனை விளக்கக் கூட்டம். ஒவ்வொரு வார்டு உறுப்பினரும் தன் மக்களைக் கூட்டி, வார்டில் நடந்த வேலைகளைச் சொல்ல வேண்டும், நாட்டின் பொருளாதாரம் எப்படி வளர்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. பொருளாதாரத்துக்கான பேச்சு எழுதியே போனில் வந்துவிட்டது. வார்டு சாதனைகளை மட்டும் நான் எழுதிக்கொள்ள வேண்டும்.

முந்தின நாள் சாயங்காலம் அதை எழுத உட்கார்ந்தேன். ரேஷன் கடைக்குக் கூரை மாற்றியது, சாக்கடை கட்டியது, தெருவிளக்கு போட்டது எல்லாம் எழுதியாகிவிட்டது. மேற்குத் தெரு வந்ததும் எழுத ஓடாமல் நின்றுவிட்டேன். அங்கே சிமெண்டு ரோடு போட்டோம். பிறகு குழாய் பதிக்க அதையே தோண்டினோம். மறுபடி மூடினோம். என் வீட்டுக்காரர் லாரி பாடிக்குப் பெயிண்ட் அடிப்பவர். கையில் மண்ணெண்ணெய் ஊற்றிப் பெயிண்டைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"இதை ஒரு சாதனையா எழுதறதா, ரெண்டாங்க?" என்றேன்.

"மூணுன்னு எழுது புள்ள. தோண்டுனதும் வேலைதானே."

சிரித்தோம். ஆனால் அப்படித்தான் எழுதினேன்.

மண்டபத்துக்குப் போனால் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. வார்டில் பாதிப்பேர் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கெடாவெட்டுக்குப் போயிருந்தார்கள். மீதிப்பேர் வாரத்தில் கிடைக்கிற ஒரு நாளையும் மண்டபத்தில் உட்கார்ந்து கழிக்க விரும்பவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மண்டபத்தை வாடகை இல்லாமல் கொடுத்தவர் கோழிப்பண்ணையும் தீவன மில்லும் வைத்திருப்பவர், கட்சியில் எனக்கெல்லாம் மூத்தவர். அவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "நீங்க ஒண்ணும் வெசனப்படாதீங்கம்மா, ஆளு வரும்" என்று சொல்லி யாருக்கோ போன் போட்டார்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு குட்டியானை வண்டிகள் வந்து நின்றன. அவருடைய மில்லில் வேலை செய்யும் வடநாட்டுக்காரர்கள் இறங்கினார்கள். ஒடிசாவிலிருந்து வந்தவர்கள், பீகாரிலிருந்து வந்தவர்கள். பெண்களும் நிறையப் பேர். எல்லோரும் குளித்து, தலைசீவி, நல்ல துணி உடுத்தியிருந்தார்கள். ஒரே மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். மில் சூப்பர்வைசர் ஓரமாக நின்றுகொண்டார்.

நான் படிக்க ஆரம்பித்தேன். நாடு உலக வரிசையில் எங்கே இருந்தது, இப்போது எங்கே வந்திருக்கிறது, இனி எங்கே போகும் என்றெல்லாம் அதில் இருந்தது. பத்தி முடிகிற இடத்தில் சூப்பர்வைசர் கையைத் தூக்கினார். அவர்கள் கைதட்டினார்கள். நான்கு வருடத்தில் என் பேச்சுக்கு அவ்வளவு கைதட்டல் விழுந்ததே இல்லை. முதல் வரிசையில் ஒரு இளம்பெண், மடியில் தூங்கும் மகளோடு உட்கார்ந்து, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ முக்கியமான செய்தி சொல்லப்போகிறேன் என்பது போல இருந்தது அவள் பார்வை. எனக்குக் கூச்சமாகிவிட்டது. தாளை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு வீட்டுக்கும் குடிதண்ணீர் என்று நான் படித்தபோது, 'தண்ணீர்' என்ற சொல் மட்டும் புரிந்து, அவள் பக்கத்திலிருந்தவளின் கையைப் பிடித்தாள்.

கூட்டம் முடிந்து டீயும் போண்டாவும் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவள் என்னிடம் வந்தாள். மகள் தோளில் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, தண்ணி எப்ப வரும்?"

"எந்தத் தண்ணி, கண்ணு?"

அவளுக்குத் தெரிந்த தமிழ் அதோடு தீர்ந்துவிட்டது. திரும்பி சூப்பர்வைசரைப் பார்த்தாள். அவர் தலையைச் சொறிந்தார்.

"அது ஒண்ணுமில்லீங்க்கா. ஞாயித்துக்கெழம கூப்புட்டா வர மாட்டாங்க. தண்ணி விசயமா கவுன்சிலர் பேசறாங்கன்னு சொல்லித்தான் கூட்டியாந்தேன்."

"எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?"

"வேறென்னத்தச் சொல்றதுங்க? அவங்களுக்கு வேணுங்கறது அது ஒண்ணுதான்."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே. "நாளைக்கு வாரேன்" என்று மட்டும் அவளிடம் கையால் காட்டிச் சொன்னேன். அவள் போய் மற்றவர்களிடம் சொல்ல, எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள். இந்த முறை சூப்பர்வைசர் கையைத் தூக்கவில்லை.

மறுநாள் மில்லுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். வரிசையாகத் தகரம் போட்ட லைன் வீடுகள். என் வார்டில்தான் இருக்கின்றன. நான் உள்ளே போனது அதுதான் முதல் முறை. போர் தண்ணீர் உப்பு. பாத்திரங்களில் வெள்ளை படிந்திருந்தது. குடிக்க, பஸ் நிறுத்தத்துப் பொதுக்குழாய்க்குப் போகிறார்கள். காவேரித் தண்ணீர் வருகிற நேரத்தில் அவர்களுக்கு ஷிப்ட். ஷிப்ட் முடிந்து போனால், எங்கள் தெருப் பெண்கள் குடத்தை வைக்க விடுவதில்லை.

மில் முதலாளியிடம் கேட்டேன். "உள்ளார ஒரு குழாய் போட்டுக் குடுங்கண்ணா. பேரூராட்சியில நான் எழுதி வாங்கித் தாரேன்."

"எதுக்கும்மா? இன்னிக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிருவாங்க. குழாய் போட்டா அப்பறம் கக்கூஸ் பத்தலைம்பாங்க. நீங்க உங்க வேலையப் பாருங்க."

இது என் வேலை இல்லையா என்று கேட்க நினைத்தேன். மண்டபம் கொடுத்தவரிடம் எப்படிக் கேட்பது? கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அவர் இடத்துக்குள் போட முடியாது. ஆனால் காம்பவுண்டுக்கு வெளியே ரோடு பேரூராட்சியுடையது. அங்கே ஒரு பொதுக்குழாய் வேண்டும் என்று மன்றக் கூட்டத்தில் கேட்டேன். அங்கே ஓட்டே இல்லையே என்றார் ஒரு உறுப்பினர். அடுத்த கூட்டத்திலும் கேட்டேன். செயல் அலுவலர் மாறினார். புதிதாக வந்தவரிடம் முதலிலிருந்து சொன்னேன். தண்ணீர் திறந்து விடுகிறவர், "பைப் லைன் அந்தப் பக்கமாத்தானுங்க போவுது, ஒரு நாள் வேலை" என்றார். அந்த ஒரு நாள் வேலைக்குப் பல மாதம் நடந்தேன். தீபாவளி போய், பொங்கலும் போனது.

என் தெருவிலேயே பேச்சு வந்தது. அளவு கொடுக்க வந்த ஒரு பெண்மணி முகத்துக்கு நேராகவே கேட்டாள். "ஓட்டுப் போட்டது நாங்க. தண்ணி அவங்களுக்குங்களா?"

"உங்க தண்ணியக் கொறைக்கலீங்க. அது அந்தப் பக்கமாப் போற பைப்புல இருக்கற தண்ணிதானுங்க."

"என்னமோ போங்க" என்று ரவிக்கைத் துணியை வைத்துவிட்டுப் போனாள்.

மாசி மாதத்தில் ஒரு நாள் குழாய் போட்டார்கள். நான் பிளக்ஸ் வைக்கவில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. தண்ணீர் திறந்துவிடுகிறவர் போனில் சொன்னதும் நடந்து போனேன். அதற்குள் குடங்கள் வரிசை கட்டிவிட்டன. அந்தப் பெண் இன்னும் இருந்தாள். தமிழும் கொஞ்சம் கூடியிருந்தது. ஒரு டம்ளரில் பிடித்து முதலில் என்னிடம் நீட்டினாள். குடித்தேன். அவள் மகளும் பக்கத்தில் நின்று, டம்ளரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்லா இருக்குதா அக்கா?"

"நல்லா இருக்குது கண்ணு."

மில் முதலாளி அதன்பிறகு என் போனை எடுப்பதில்லை. அடுத்த முறை இந்த வார்டுக்கு வேறு ஆளைப் பார்த்திருப்பதாகச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் அதைக் கேட்டு, "விட்டுது சனியன்" என்றார். எனக்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. வருத்தமா என்று கேட்டால் அதுவுமில்லை.

குழாய் போட்ட அன்று நான் கிளம்பியபோது அவள் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, இது பொண்ணு. ஸ்கூல் போகணும். எங்க கேக்கறது?"

இன்னொரு அலைச்சலா என்றிருந்தது எனக்கு. நின்றேன். அரசுப் பள்ளி வீட்டுக்குப் போகிற வழிதான்.

"என்ன பேப்பர் இருக்குது?" என்றேன்.

ஓடிப்போய் ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தாள். மூன்று பேரும் நடந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. தலைமையாசிரியை பையிலிருந்ததை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பிறப்புச் சான்றிதழில் இருக்கும் எழுத்து புரியவில்லை என்றார். ஜூன் மாதம் வரச் சொன்னார். சேர்த்துக்கொள்வீர்கள்தானே என்று நான் கேட்டேன். சேர்த்துக்கொள்வோம், நீங்களும் கூட வந்துவிடுங்கள் என்றார்.

"வாரேனுங்க" என்றேன்.