போட்டை விடாதை!

படம் வந்து மூன்று கிழமைக்குள் பள்ளிமுனையில் வேறு பேச்சில்லை என்றாகிவிட்டது. கல்யாணத்துக்கு முதல் நாள் கடலுக்குப் போன மாப்பிள்ளை புயலில் அகப்படுகிறான். பெண் தானே ஒரு போட்டை எடுத்துக்கொண்டு அவனைத் தேடிப் போகிறாள். கதை இவ்வளவுதான். நான் வேலை செய்யும் மருந்துக்கடைக்கு வருகிறவர்கள், குளிசையை வாங்கிய பிறகும் போகாமல் நின்று அதையே சொன்னார்கள். வவுனியா வரை போய் டிக்கெட் கிடைக்காமல் திரும்பியவர்கள்கூடப் பார்த்த மாதிரியே சொன்னார்கள்.

கடைசியில் எங்கள் மாதர் சங்கமே ஒரு பஸ் பிடித்தது. சனிக்கிழமை காலைக் காட்சி. துணைக்கு ஒரு ஆம்பிளை வேண்டும் என்றதும் எல்லோரும் என் அக்காவைப் பார்த்தார்கள். அவளுடைய புருஷன், என் அத்தான், சம்மதிப்பார் என்று நான் நினைக்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் அவருடைய போட் கவிழ்ந்து, இரண்டு நாட்கள் கடலில் கிடந்தவர். அரிப்பு என்கிற ஊர்ப் பக்கத்து ஆட்கள் கண்டு கரை சேர்த்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அந்த இரண்டு நாட்களைப் பற்றி அவர் ஒரு சொல் சொன்னதில்லை. அக்காவும் கேட்டதில்லை. சில மாதங்களில் மறுபடி கடலுக்குப் போகத் தொடங்கிவிட்டார்.

"அத்தான், கடல் படம். பரவாயில்லையோ?" என்று கேட்டேன்.

"படம்தானே பிள்ளை. வாறன்," என்றார்.

தியேட்டர் நிரம்பி வழிந்தது. முதல் பாதி முழுக்கக் காதல். எங்கள் வரிசையில் ஒருத்தரை ஒருத்தர் கிள்ளிக்கொண்டு சிரித்தோம். அத்தான் பாதி நித்திரை. இடைவேளைக்குப் பிறகு புயல் வந்தது. இருந்த கதிரை அதிர்கிற அளவுக்குச் சத்தம். போட் புரண்டது, மாப்பிள்ளை அதன் அடிப்பக்கத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தான். "மடு மாதாவே!" என்று பின்வரிசையில் யாரோ கத்தினார்கள். தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. மாப்பிள்ளை போட்டை விட்டுவிட்டு நீந்தப் பார்த்தான்.

அத்தான் எழுந்து நின்றுவிட்டார்.

"டேய், நீந்தாதை! போட்டை விடாதை! விட்டியெண்டால் முடிஞ்சுது!"

முன்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா அவருடைய கையைப் பிடித்து இழுக்கவில்லை; தானும் எழுந்து, "விடாதை தம்பி!" என்று கத்தினாள். பிறகு எங்கள் பஸ்ஸில் வந்த அத்தனை பேரும் கத்தினோம். சிரித்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முழுத் தியேட்டரும் கத்தியும் அந்த மாப்பிள்ளை கேட்கவில்லை, நீந்தினான். ஆனாலும் பெண் வந்து அவனை அள்ளி எடுத்தாள். விசில் சத்தத்தில் அவள் என்ன சொன்னாள் என்றே விளங்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸுக்குள் பெரிய விவாதம்.

"நீந்தினபடியால்தானே அவளின்ரை கண்ணிலை பட்டவன்," என்றாள் சங்கத்து இளம் பெட்டை ஒருத்தி.

"அது படம். உண்மைக் கடலிலை நீந்தினவன் தப்பமாட்டான்," என்றார் அத்தான்.

அப்போதுதான் அக்கா கேட்டாள். "நீங்கள் ஏன் நீந்தேல்லை?"

அத்தான் யன்னலுக்கு வெளியே பார்த்தார். சொல்லமாட்டார் என்றுதான் நினைத்தேன்.

"உன்னோடை சண்டை பிடிச்சுக்கொண்டு கிடந்தனான்," என்றார்.

"என்னோடையோ?"

"ஓம். அண்டைக்கு விடியக் குசினிக் கூரை ஒழுகுதெண்டு ஏசினனியெல்லே? நான் பதில் சொல்லாமல் வந்திட்டன். கண் சொருகேக்கை எல்லாம் அந்தப் பதிலைச் சத்தமாய்ச் சொன்னனான். நீ திருப்பிச் சொல்லுவாய். நான் பிறகும் சொல்லுவன். ரெண்டு நாளும் இதுதான். கோவத்திலை நித்திரை வரேல்லை. நித்திரை வந்திருந்தால் கை விட்டிருக்கும்."

அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

"அப்ப கடைசியிலை ஆர் வெண்டது?"

"நீதான். வேறை ஆர்?"

பஸ் அதிரக் கைதட்டினோம். என் பக்கத்தில் இருந்தவர் படத்துக்குக்கூட அழாதவர். தேம்பித் தேம்பி அழுதார்.

ஞாயிறு பூசை முடிந்து ஆட்கள் வெளியே வருவதற்கு முன்பே ஊர் முழுக்க விஷயம் பரவிவிட்டது. அடுத்த சனிக்கிழமை இரண்டு பஸ் போனது. இந்த முறை அத்தானோடு கடலுக்குப் போகிறவர்களும் மனைவிமாரோடு வந்தார்கள். திரும்பும் வழியில் செட்டிகுளத்தில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினோம். அங்கே, எப்போதும் வாயே திறக்காத ஒரு மனிதர், இஞ்சின் நின்றுபோய் நடுக்கடலில் அலைந்த கதையைத் தன் மனைவிக்குச் சொல்லத் தொடங்கினார். அவர் முடிக்க முன் இன்னொருவர் தொடங்கினார். எங்கள் பஸ் டிரைவர் மூன்று தரம் ஹோன் அடித்துப் பார்த்தார். ஒருவரும் ஏறவில்லை. கடைசியில் அவரும் இறங்கி வந்து, ஒரு தேத்தண்ணி சொல்லிவிட்டு, எங்களோடு நின்று கேட்டார்.