லூசி கட்டிய ஏணை

ஆஸ்பத்திரி திறந்து ஐம்பது வருஷம் ஆகிறதாம். சிறப்பு மலர் போடுகிறோம், பழைய ஆட்கள் நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டு வந்தார்கள். டாக்டரைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் லூசியைப் பற்றித்தான் சொல்வேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

லூசி உளுந்தூர்பேட்டைக்காரி. அப்பா சவரிமுத்து லாரிக்கு மூட்டை ஏற்றியவர். கள்ளக்குறிச்சியில் சின்னப் பிள்ளைகளுக்கென்று தனியாக இந்த ஆஸ்பத்திரியைத் திறந்தபோது கூட்டிப் பெருக்கும் வேலைக்கு வந்தாள். இருபது வயதுகூட இருக்காது. ரிடயர் ஆகும்வரை இங்கேயேதான் இருந்தாள்.

அப்போது ஆஸ்பத்திரிக்குப் பெருமையே கட்டில்தான். பன்னிரண்டு இரும்புக் கட்டில், வெள்ளை பெயிண்ட், நாலு பக்கமும் கம்பி. எங்கள் பிள்ளைகளோ பிறந்ததிலிருந்து அம்மா புடவையில் கட்டிய ஏணையில் தூங்குகிறவை. கட்டிலில் போட்டதும் வார்டே அலறும். மடியில் எடுத்தால் நர்ஸ் திட்டுவார். மலையிலிருந்து வந்த பெண்கள், நர்ஸ் தலை மறைந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொள்வார்கள்.

முதல் வருஷமே நான் களமருதூரிலிருந்து என் மகள் ஜெயசுதாவைத் தூக்கிக்கொண்டு போனேன். ஒன்பது மாசக் குழந்தை. வாந்தி, பேதி. கண் உள்ளே போய்விட்டது. டாக்டர் தீனதயாளன் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கச் சொன்னார்.

"ஒண்ணுக்குப் போனா உடனே சொல்லணும். அதுவரைக்கும் ஆபத்துதான்."

வரும்போதெல்லாம் அதையே கேட்டார். துணி காய்ந்தே கிடந்தது. கட்டிலில் கிடந்து அழுதாள். அழுதால் குடித்ததெல்லாம் வெளியே வந்தது. மத்தியானம் என் வீட்டுக்காரர் ஆதிமூலம் பையை எடுத்தார்.

"புள்ளைய கூண்டுல போட்டு வச்சிகினு வைத்தியமாம்! எழுந்திரு, நாலு மணி பஸ்ஸுக்கு வூட்டுக்குப் போயிடலாம்."

பெருக்கிக்கொண்டிருந்த லூசி துடைப்பத்தை வாசற்படியில் குறுக்கே போட்டாள்.

"எங்க போற அண்ணே? வழியில புள்ளைக்கு ஒண்ணுன்னா பஸ் டிரைவரா பாப்பாரு?"

"நீ பெருக்குற வேலயப் பாரு."

"அதத்தான் பாத்துகினு இருக்கேன். அக்கா, மாத்துப் பொடவ இருக்குதா? குடு."

கட்டில் கம்பிமேல் ஏறி நின்று உத்திரத்தில் என் புடவையைக் கட்டினாள். குழந்தையைப் போட்டு இரண்டு ஆட்டு ஆட்டினாள். அழுகை நின்றது. நான் ஸ்பூனை வைத்தேன். விழுங்கினாள். வாந்தி வரவில்லை.

பெரிய நர்ஸ் பார்த்துவிட்டார்.

"இன்னா இது, ஆஸ்பத்திரியா, களத்துமேடா? அவுருடி!"

"புள்ள முழுங்குதும்மா. அவுக்க மாட்டேன்."

"டாக்டர் வரட்டும். இன்னியோட உனக்கு வேலை இல்ல."

"வரட்டுமே."

மூன்றரை மணிக்கு மேல் டாக்டர் வந்தார். வந்த வேகத்தில் ஏணைக்குப் பக்கத்தில் நின்று, "யாரு கட்டுனது?" என்று கத்தினார்.

"நான்தான் சார்."

அவர் வாயைத் திறப்பதற்குள் புடவையின் அடி கறுத்தது. சொட்டுச் சொட்டாக ஒழுகி, நேராக அவர் ஷூமேல் விழுந்தது. நான் முந்தானையால் துடைக்கக் குனிந்தேன்.

"துடைக்காதீங்கம்மா! சிஸ்டர், எழுதுங்க, மூணு நாப்பது. ஒண்ணுக்குப் போயாச்சு!"

"ஷூவுல போயிடுச்சுங்களே சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"போவட்டும்யா. காலையிலிருந்து இதுக்குத்தானே காத்துகினு இருக்கேன்."

என் வீட்டுக்காரர் பையைக் கீழே வைத்தார். லூசி விடவில்லை.

"சார், எனக்கு வேலை இருக்குதா, இல்லியா?"

"இருக்கு. இன்னும் பதினோரு கட்டில் இருக்கே."

அந்த வாரமே ஒவ்வொரு கட்டிலுக்கு மேலேயும் கொக்கி அடித்தார்கள். அது டாக்டரின் யோசனை என்று இப்போது சொல்கிறார்களாம். கொக்கி வாங்கிக் கொடுத்தது அவர்தான், இல்லை என்று சொல்லவில்லை. முதல் ஏணை லூசி கட்டியது. அப்படியே அச்சடியுங்கள்.

நாலு நாள் கழித்து ஜெயசுதா சிரித்துக்கொண்டே ஊருக்குக் கிளம்பினாள். என் புடவை மட்டும் அங்கேயே தொங்கியது. வெள்ளிமலைக்காரி ஒருத்தியின் பிள்ளை அதில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தது. எழுப்ப மனசில்லை, வந்துவிட்டேன்.