கழுவி வைத்த தட்டு

போன வருடம் ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், குமணன்சாவடியில் ஒரு வாடகை வீட்டின் இரண்டாவது மாடியில் நடந்தது இது. அந்தப் பெண்ணை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதற்காகச் சின்னச் சின்ன விவரங்களை மாற்றியிருக்கிறேன். நடந்ததை மாற்றவில்லை.

என் வேலையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். குழந்தைகள் மற்றவர்களோடு எப்படிப் பழகுகிறார்கள், வளர்ந்தபின் எப்படி ஆகிறார்கள் என்று பல வருடங்களாக நடக்கும் ஓர் ஆய்வில் களப்பணியாளர் நான். ஒன்றாம் வகுப்பில் பெயர் சேர்த்த பிள்ளைகளுக்கு இன்று என் வயது. சில வருடங்களுக்கு ஒருமுறை அவர்களைத் தேடிப் போய் அதே மாதிரியான கேள்விகளைக் கேட்போம். சேக்காட்டில் நான் படித்த பள்ளியும் அந்த ஆய்வில் இருந்தது. சின்ன வயதில் நானும் அதில் ஒரு பிள்ளைதான். ஆறாம் வகுப்புக்கு அம்பத்தூர்ப் பள்ளிக்கு மாறியபோது அதிலிருந்து விடுபட்டுப்போனேன்.

அதனால் வேலையில் சேரும்போதே ஒன்றை அழுத்திச் சொன்னார்கள். தெரிந்தவர் யாராவது வந்தால் அந்தப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். படிவத்தில் பெயரோ பள்ளியோ இருக்காது, ஓர் எண்ணும் முகவரியும்தான். முதல் பக்கத்தில், ‘இவர் எனக்கு முன்பின் தெரியாதவர்’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்து போட வேண்டும், ஆளை நேரில் பார்த்த பிறகு. நான் பஸ் ஸ்டாப்பிலேயே எல்லாப் படிவங்களிலும் போட்டுவிடுவேன். எனக்குத்தான் தெரிந்தவர்கள் என்று யாரும் கிடையாதே!

இதை வருத்தமாக நான் சொல்லிக்கொண்டதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா சித்தாள், அம்மா ஆவடி குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை. “படிக்கிற பொண்ணுக்கு இன்னாத்துக்குக் கூட்டாளி?” என்பார் அம்மா. தனியாகவே படித்தேன், தனியாகவே பட்டம் வாங்கினேன். அலுவலகத்தில் ஒரு படிவத்தைக்கூடத் திருப்பிக் கொடுக்காத ஒரே ஆள் நான்தான்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். கணவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “உள்ள வாங்க மேடம்” என்றாள். அந்த ‘மேடம்’ எனக்குப் பிடித்திருந்தது. டீ போட்டுக்கொண்டே, நான் சேக்காடு பக்கமா என்று கேட்டாள். சொந்த விஷயம் பேசக் கூடாது என்பது பயிற்சி. ஆவடி பக்கம்தான் என்று மழுப்பினேன். எந்த ஸ்கூல் என்றாள். சிரித்துவிட்டுப் படிவத்தைப் பிரித்தேன்.

கடந்த ஒரு மாதத்தில் யாரிடம் மனம்விட்டுப் பேசினீர்கள் என்பது ஒரு கேள்வி. யோசித்தாள்.

“ரீசார்ஜ் கம்பெனிக்காரி டெய்லி போன் பண்றா. அவளப் போட்டுக்கலாமா மேடம்?”

இருவரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிப்பு மட்டும் சட்டென்று நின்றது. யாரும் இல்லை என்று குறித்துக்கொள்ளச் சொன்னாள். குறித்துக்கொண்டேன்.

அடுத்தது, ஆரம்பப் பள்ளியில் மிக நெருங்கிய தோழி யார், முதல் எழுத்து மட்டும் போதும் என்ற கேள்வி. பேனாவோடு காத்திருந்தேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“உம்பேரத்தான் போடணும்” என்றாள். “நெசமாவே தெர்லயா உனக்கு?”

தெரியவில்லை. அதுதான் உண்மை. அவள் கோபப்படவில்லை. எப்போதோ நடந்த சாதாரண விஷயத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“நீ சோறு துன்றப்பகூட புக்க வச்சினு இருப்ப. துன்னுட்டுத் தட்ட அப்டியே வுட்டுட்டு கிளாசுக்குப் பூடுவ. நாந்தான் உன் தட்டையும் சேத்து கழுவி, உன் பை மேல வெப்பேன். நாலாவதும் அஞ்சாவதும்.”

தட்டு ஞாபகம் வந்தது. விளிம்பில் நசுங்கிய சில்வர் தட்டு. தினமும் என் பையின் மேல் ஈரத்தோடு கவிழ்ந்திருக்கும். அது எப்படிக் கழுவப்பட்டு அங்கே வந்தது என்று இரண்டு வருடங்களில் ஒருநாள்கூட நான் யோசித்ததில்லை. இப்போதும் தட்டுதான் ஞாபகம் வந்தது. அவள் முகம் வரவில்லை.

“ஆய்வுக்கார அக்கா வந்து, புடிச்ச மூணு பேர எழுதுங்கன்னு பேப்பர் குட்த்தாங்களே. நா உம்பேர மட்டும் எழுதுனேன். நீ எம்பேர எழுதுவன்னு எட்டிப் பாத்தேன். காலியா வுட்டுட்ட.”

அந்தக் காலித் தாளை நான் மறக்கவில்லை. என் பெயரை யாரும் எழுதியிருக்க மாட்டார்கள் என்று அன்று உறுதியாக நம்பினேன். அப்படியிருக்க நான் போய் இன்னொருத்தி பெயரை எழுதுவதாவது என்று ரோஷத்தோடு காலியாகக் கொடுத்தேன். அவள் எனக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்தாளாம்.

முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். என் கையெழுத்து அழகாக இருந்தது. பேசாமல் மீதிக் கேள்விகளைக் கேட்டுவிட்டு எழுந்து போயிருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. அப்படிப் போனால் இரண்டாவது முறையும் அவளை எனக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தவள் ஆவேன். கையெழுத்தை அடித்துவிட்டு, ‘தெரிந்தவர்’ என்று எழுதினேன். இனிமேல் இந்தப் படிவம் செல்லாது, வேறொருவர் வந்து கேட்பார் என்று அவளிடம் சொன்னேன்.

“அப்ப நீ வரமாட்டியா?”

எல்லாம் முடிந்ததும் வருகிறேன் என்றேன். வாசல்வரை வந்து, மாடிப்படியில் நான் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேலாளர் திட்டவில்லை. பார்க்காமலே கையெழுத்து போட்ட பழக்கத்தை நானே ஒப்புக்கொண்டேன். பழைய படிவங்களையெல்லாம் சரிபார்க்க வைத்தார். ஆய்வின் இந்தச் சுற்று முடியும்வரை அவளைச் சந்திக்கவோ போனில் பேசவோ கூடாது என்றார். சுற்று முடிய ஐந்து மாதம் ஆனது. முடிந்த வாரமே ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கிக்கொண்டு குமணன்சாவடிக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. கீழ் வீட்டு அம்மா, அவர்கள் காலி செய்து ஒரு மாதம் ஆகிறது, எங்கே போனார்கள் என்று தெரியாது என்றார். “நீ இன்னா ஒறவும்மா?” என்று கேட்டார். “கூட படிச்சவ” என்றேன். அந்த வார்த்தையை நான் யாரைப் பற்றியும் அதற்கு முன் சொன்னதில்லை.

வீடு மாறுகிறவர்கள் ஆய்வுக்குத் தெரிவித்துவிடுவார்கள் என்பதால், அவளுடைய புது முகவரி எங்கள் அலுவலக அலமாரியில் இருக்கும். என் சொந்தக் காரியத்துக்காக அதை எடுத்துப் பார்க்க எனக்கு உரிமையில்லை, எடுக்கவும் இல்லை. முதல் நாளே என் முகவரியை அவளுக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம் என்பது, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸில்தான் தோன்றியது.

அந்தத் தட்டில்தான் இப்போது தினமும் சாப்பிடுகிறேன். சாப்பிட்டு முடித்துக் கழுவிக் கவிழ்க்கும்போதெல்லாம், யார் துணையும் இல்லாமல் தனியாகவே படித்து வந்தவள் நான் என்று இத்தனை வருடம் சொல்லிக்கொண்டிருந்தது பொய் என்பது நினைவுக்கு வருகிறது.