ஐஸில் வைத்த ரத்தம்

மீன் சந்தையில் அவனை எல்லோரும் ஐஸ்காரன் என்றுதான் கூப்பிட்டார்கள். பெரிய ஐஸ் கட்டிகளைக் கொக்கியால் இழுத்து வந்து உடைத்து, மீன் பெட்டிகளில் தூவி, மூடிக் கட்டுவது அவன் வேலை. அவன் கட்டிய பெட்டியை வெளியூரில் திறந்தாலும் மீன் அப்போதுதான் பிடித்தது போல இருக்கும் என்று வியாபாரிகள் சொல்வார்கள். அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. வீட்டில் மனைவி பிரிட்ஜில் அடுக்கியதைக்கூட நொட்டை சொல்லி, எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி அடுக்குவான். "விட்டா என்னையும் பெட்டியில போட்டுக் கட்டிடுவீங்க" என்பாள் அவள்.

அவள் சட்டை கம்பெனியில் தையல் சரிபார்க்கிறவள். இரண்டு முறை கர்ப்பம் தரித்து, இரண்டும் ஆரம்ப மாதங்களிலேயே கலைந்துவிட்டன. இது மூன்றாவது. டாக்டரம்மா ரத்தத்தில் ஒரு பரிசோதனை செய்து பார்க்கலாம் என்றார். அவன் எதற்கு என்று கேட்க, உங்கள் சந்தையில் சண்டை வராதா என்று அவர் திருப்பிக் கேட்டார். வராத நாள் ஏது என்று சிரித்தான்.

ரத்தத்திலும் அப்படித்தான் என்றார் டாக்டரம்மா. வெள்ளை அணுக்களில் சில, அன்னியமாக எது வந்தாலும் பாயும். சில, குறுக்கே போய்ச் சண்டையை விலக்கிவிடும். குழந்தையில் பாதி அப்பாவின் பங்கு என்பதால், அம்மாவின் உடம்புக்கு அது பாதி அன்னியம். அதனால் ஆரம்ப மாதங்களில் விலக்கிவிடுகிறவை கூடுதலாக இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் ஒரு மருந்து கொடுத்துப் பார்க்கலாம். ஆனால் அந்த மருந்தாலும் தொந்தரவு உண்டு என்பதால், பார்க்காமல் கொடுக்க அவருக்கு மனமில்லை. இதை மட்டும் வைத்து எதையும் அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். இந்த வாரத்துக்குள் தெரிந்தால் நல்லது என்றார்.

ஊசி ஏறும்போது மனைவி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். "இந்த ஒரு தடவைதான். மறுபடி கேட்டா தரமாட்டேன்" என்று நர்ஸிடம் கறாராகச் சொன்னாள்.

லேப் ஊரின் மறுகோடியில் இருந்தது. ரத்தம் கொண்டுபோகிறவர் அன்று வரவில்லை. நர்ஸ் ரத்தம் எடுத்த குழாயை அவன் கையில் கொடுத்து, "நீங்களே கொண்டு போயிடுங்கண்ணே. லேட் பண்ணாதீங்க, கெட்டுப் போயிடும்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதாதா? மனைவியைப் பஸ் ஏற்றிவிட்டு, ஸ்கூட்டரை நேராகச் சந்தைக்குத் திருப்பினான். சின்ன தெர்மாக்கோல் பெட்டி ஒன்றை எடுத்தான். ஐஸை மாவாக நொறுக்கினான். குழாயைப் பிளாஸ்டிக்கில் சுற்றி, நடுவில் புதைத்து மூடினான். ஒரு மீனுக்குக்கூட அவன் இவ்வளவு பக்குவம் பார்த்ததில்லை.

லேப்பில் இருந்த பெண் மூடியைத் திறந்தாள். ஐஸை விலக்கிக் குழாயை வெளியே எடுத்தாள்.

"ஐஸ்ல வைக்கச் சொல்லி யார் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. நானாத்தான்."

அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. பொறுமையாக விளக்கினாள். இந்தப் பரிசோதனைக்கு அணுக்கள் உயிரோடு வர வேண்டும். குளிரில் அவை நொந்துபோகும். எண்ணினால் தப்பாக வரும். "மீன் செத்த பிறகு ஐஸ்ல வைக்கிறீங்க. இது உயிரோட இருக்குங்க" என்றாள். புதிதாக ரத்தம் எடுக்க வேண்டும்.

வீடு திரும்பும்போது, லேப்பில் மெஷின் கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாமா என்று நினைத்தான். பொய் வாய்வரைக்கும் வந்தும்விட்டது. வாசலில் மனைவியின் முகத்தைப் பார்த்ததும் உள்ளதைச் சொல்லிவிட்டான்.

"ஊர்ல எவனாவது பொண்டாட்டி ரத்தத்தை மீன் மாதிரி கட்டிக் கொண்டு போவானா?"

மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டியிருப்பதையும் அவன் சொன்னான். இனித் தரமாட்டேன் என்றாள். ஊசிக்கு இவ்வளவு பயமா என்று கேட்டுவிட்டான்.

"ஊசிக்கு எவ பயந்தா?" அவள் குரல் இறங்கியது. "ரெண்டு தடவையும் முதல்ல ரத்தம்தான் வந்துச்சு. நான் தனியா இருந்தேன். இப்ப ஒரு சொட்டு வெளிய போனாக்கூட, கூடவே அதுவும் போற மாதிரி இருக்கு."

அந்த இரண்டு முறையும் அவன் சந்தையில் இருந்தான். ஆஸ்பத்திரிக்குப் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. இத்தனை நாளும் இதை அவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை.

"வேண்டாம்னா வேண்டாம். டாக்டரம்மாகிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றான். மேலே வற்புறுத்தவில்லை.

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. காலையில் அவளே புடவை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள். "அந்த லேப்புக்கே போயிடலாம். நீங்க எதையும் தூக்கிட்டு வர வேண்டாம். நான் வர்றேன்."

லேப்பில் அவன் கையை அவள் விடவே இல்லை. விரல்கள் வலித்தன. அவன் சொல்லவில்லை.

முடிவு வந்த அன்று இருவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். விலக்கிவிடுகிறவை போதுமான அளவு இருக்கின்றன, மருந்து இப்போது தேவையில்லை என்றார். குழந்தை நிற்கும் என்பதற்கு இது உத்தரவாதம் ஆகாது என்றும் மறைக்காமல் சொன்னார். அடுத்த மாதம் இன்னொரு முறை ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம்.

அவன் பதறிப்போய், "டாக்டர், அவளுக்கு அது..." என்று ஆரம்பித்தான்.

"தர்றேன்" என்றாள் அவள் குறுக்கிட்டு. "இவர் பக்கத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

இருப்பேன் என்று அவன் டாக்டரம்மாவிடம் சொன்னான். பிறகு திரும்பி, அவளிடமும் சொன்னான்.