ஜீப்புக்குக் காத்திருப்பவள்

போடியில், மலைக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே என் ஜெராக்ஸ் கடை. வீடு மாடியில். காலை ஆறு மணிக்கு நான் வாசல் பெருக்க இறங்கும்போது, ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் தூக்குவாளியோடு வந்துகொண்டிருப்பார்கள். ஜீப்பு ஆறரைக்கு வரவேண்டும். ஆறரைக்கே வந்ததாக என் டைரியில் இரண்டு நாட்கள்தான் இருக்கின்றன. இரண்டு நாளும் டிரைவர் புதியவர்.

அந்தப் பெண்கள் உட்கார ஒரு நிழற்குடை இருந்தது. போன ஐப்பசியில் மலையில் மூன்று நாள் விடாமல் பெய்து, ஓடை கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தது. ஆள் சேதம் இல்லை. நிழற்குடை போனது, டீக்கடை போனது, நிறுத்தி வைத்திருந்த ஒரு ஜீப்பு உருண்டு பாலத்தடியில் போய்ச் செருகிக்கொண்டது. ஓடைக்கரையில் நான்கு வீடுகளுக்குள் இடுப்பளவு சேறு.

அந்த நான்கு வீடுகளில் ஒன்று, காய் எடுப்பவர்களில் மூத்தவரான ஓர் அக்காவுடையது. வலது முழங்கால் தேய்ந்தவர். தோட்டத்தில் செடியடியில் உட்கார்ந்து உட்கார்ந்தே காய் எடுத்துவிடுவார், ஆனால் பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. சேற்றைத் துழாவி அவர் எடுத்த முதல் பொருள் தோசைக்கல். நடுவில் குழி விழுந்திருந்தது. "இனி இதுல பணியாரந்தான் சுடலாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

தண்ணீர் வடிந்த மறுநாளே பழைய இரும்பு வாங்குபவர் வண்டியோடு வந்து நின்றார். என் பக்கத்துப் பட்டறையில் ஜீப்பு வேலை பார்க்கும் வெல்டர் அண்ணன் அவரைத் திருப்பி அனுப்பினார். "நிழற்குடை எப்ப வருமோ தெரியாது. இந்த இரும்புல பொம்பளைகளுக்கு ஒரு பெஞ்சாவது அடிச்சுப் போடுறேன்" என்றார்.

அக்காதான் அவரை மறித்தார். "பெஞ்சு மட்டும் போட்டா எவன் திரும்பிப் பாப்பான்? எங்கள மாதிரி ஒருத்தியவும் செஞ்சு அதுல உக்கார வைங்கண்ணே. கார்ல போற அதிகாரிக கண்ணுல படட்டும். வெள்ளம் வந்தாலும் நாங்க இங்கனதான் இருக்கோம், உக்கார எடமில்லன்னு அவ சொல்லட்டும்."

பதினேழு நாள் வேலை. ஒவ்வொரு மாலையும் கடையை அடைத்துவிட்டுப் போய்ப் பார்த்து, அன்று என்ன சேர்ந்தது என்று எழுதி வைத்தேன். ஜீப்பின் ஸ்பிரிங் பட்டைகள் முதுகெலும்பாயின. மட்கார்டு இரண்டும் முழங்கால்கள். தோட்டத்து ஸ்டோரில், அதாவது காய் உலர்த்தும் கொட்டகையில், கழித்துப் போட்ட கம்பி வலைத் தட்டுகள் சேலைக் கொசுவம். சைக்கிள் செயினைச் சுருட்டிக் கொண்டை. முகத்துக்கு எதுவும் அமையாமல் வெல்டர் தவித்தபோது, அக்கா தன் தோசைக்கல்லைக் கொண்டுவந்து கொடுத்தார். குழிந்த பக்கம் உள்ளே போக, புடைத்த பக்கம் கன்னமாயிற்று. இடது கை மடியில் தூக்குவாளியைப் பிடித்திருக்க, வலது கையை நெற்றிக்கு மேல் வைத்து ஜீப்பு வரும் ரோட்டைப் பார்க்கிறாள். ஜீப்பைத் தேடும் எல்லாப் பெண்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். அவள் உட்கார்ந்திருக்கும் பெஞ்சில் இரு பக்கமும் சேர்த்து ஆறு பேர் உட்காரலாம்.

அதற்குப் பிறகு நடந்ததில் பெரிய தவறு என்னுடையது.

எந்தக் காரியத்தையும் நாள் பார்த்துச் செய்வது என் வழக்கம். சிலையை நிறுத்த வெள்ளிக்கிழமை காலை ஒன்பதரைக்கு நேரம் குறித்துக் கொடுத்தேன். கிழக்குப் பார்த்து வைக்கச் சொன்னதும் நான்தான். மேல் பூச்சுக்கு மழை விடவில்லை, துரு பிடிக்காமலிருக்க அடித்த செங்காவிப் பூச்சோடே வைத்தார்கள். ஸ்டாண்டு டிரைவர்கள் ஒன்று கூடினார்கள். பாதிக்கு மேல் ஜீப்பின் இரும்பு என்பதால், புது வண்டிக்குச் செய்வதையெல்லாம் அவளுக்கும் செய்தார்கள். நெற்றியில் சந்தனம், குங்குமம். சக்கரம் இல்லாததால் காலடியில் நான்கு எலுமிச்சம்பழம். சூடம் காட்டிப் பூசணிக்காய் உடைத்தார்கள். நானும் கும்பிட்டேன்.

செக்கச்செவேல் என்று, கிழக்குப் பார்த்து, வெள்ளிக்கிழமை, குங்குமத்தோடு. சனிக்கிழமை காலை அவள் கழுத்தில் மாலை கிடந்தது. செவ்வாய்க்கிழமைக்குள் வேப்பிலை வந்துவிட்டது. அடுத்த வெள்ளியன்று, மூலையில் மளிகைக் கடை வைத்திருப்பவர் பெஞ்சைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்டி, "செருப்போட யாரும் கிட்ட வராதீக, கவிச்சி கொண்டாராதீக" என்று சொல்லிவிட்டார். நல்ல மனிதர். வெள்ளத்தில் ஓடைக்கரை வீடுகளுக்கு அரிசி அளந்தவர். அவர் சொன்னதை யாரும் தட்டவில்லை. பெண்கள் பெஞ்சை விட்டு எழுந்து பழையபடி ரோட்டோரம் நின்றார்கள்.

வெல்டர் சுத்தியலோடு என் கடைக்கு வந்தார். "என்ன தங்கச்சி இது? நான் செஞ்சது ஜீப்புக்கு உக்காந்திருக்குற பொம்பள. அவளச் சாமியாக்கிப்புட்டு, அவளுக்குச் சோடியா உக்காந்திருந்தவள எந்திரிக்கச் சொல்றாக!"

மளிகைக் கடைக்காரரிடம் போய்ப் பேசினேன். "நான் என்ன தாயி பண்றது? நேரம் பாத்துக் கொடுத்ததே நீதான" என்றார். அன்று மாலை 'இது சிலை. பொதுமக்கள் இங்கே உட்காரலாம்' என்று பெரிய எழுத்தில் அச்செடுத்து, லேமினேட் செய்து, சிலைக்குப் பக்கத்தில் தொங்கவிட்டேன். காலையில் பார்த்தால் அந்த அட்டையின் நான்கு மூலைக்கும் யாரோ சந்தனப் பொட்டு வைத்திருந்தார்கள்.

அந்த வாரம் அக்கா மூன்று நாள் வரவில்லை. ஜீப்பு தாமதமாகத் தாமதமாக நின்று, முழங்கால் வீங்கிவிட்டதாம். நான்காம் நாளும் வராவிட்டால் அவர் இடத்துக்கு வேறு ஆள் ஏற்றத் தோட்டத்தில் சொல்லியிருப்பதாக டிரைவர் சொன்னார். நான் குறித்த நேரத்தால் ஒருவருடைய வேலை போகப்போகிறது. அன்று டைரியில் வேறு எதையும் எழுதவில்லை.

நான்காம் நாள் தூறல். நான் துடைப்பத்தோடு இறங்கியபோது அக்கா கடையின் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். பெண்கள் நிற்கும் இடத்துக்குப் போகவில்லை. நேரே மஞ்சள் கயிற்றைத் தூக்கி, குனிந்து, செருப்போடு உள்ளே போய்ச் சிலையின் பக்கத்தில் உட்கார்ந்தார். தூக்குவாளியைத் திறந்தார். கருவாட்டுக் குழம்பு வாசனை என் படி வரைக்கும் வந்தது.

மளிகைக் கடைக்காரர் ஓடிவந்தார். "ஆத்தா, ஒனக்கே நல்லாருக்கா? சாமி முன்னால கருவாடா?"

"இந்த மூஞ்சி எந்த மூஞ்சின்னு தெரியுமாண்ணே? நான் தோச ஊத்துன கல்லு. இதுல கருவாடு வறுக்காத நாளே கெடையாது. அதுக்குத் தெரியாத கவிச்சியா?"

ரோட்டோரம் நின்றவர்களில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அப்பொ கல்லு. இப்பொ கண்ணு தெறந்த சாமி."

"சாமின்னே வச்சுக்குவோம். கால் வலிக்காரி பக்கத்துல உக்காந்தா எந்திரின்னு சாமி சொல்லுச்சா, நீங்க சொன்னீகளா? சாமி சொல்லட்டும், எந்திரிக்கிறேன்."

மளிகைக் கடைக்காரர் சிலையைப் பார்த்தார். அது ஜீப்பு வரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குள் மற்ற பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கயிற்றுக்குள் நுழைந்து உட்கார்ந்துவிட்டார்கள். கூட்டத்தில் யாரோ, "அண்ணே, சாமி நனையுது. மொதல்ல அதுக்கு ஒரு கூர போடுங்க" என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். அவர் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்கு குழாயும் மூன்று தகரமும் கொண்டுவந்து இறக்கினார். வெல்டர் கூலி வாங்காமல் கட்டிக்கொடுத்தார், ஆனால் சாமிக்கு மட்டும் என்றால் முடியாது, பெஞ்சு முழுக்க மறையும் அகலம்தான் என்று சொல்லித் தன் கணக்குக்கு இரண்டு தகரம் கூடப் போட்டார். நகராட்சியின் நிழற்குடை இன்னும் வரவில்லை.

என் அட்டையை நான் கழற்றிவிட்டேன். மஞ்சள் கயிற்றில் இப்போது ஈரத்துண்டுகள் காய்கின்றன. போன வெள்ளிக்கிழமை காலை ஆறு இருபத்தைந்துக்கு மளிகைக் கடைக்காரர் கதம்பத்தோடு வந்தார். பெஞ்சில் இடமே இல்லை, அக்கா சிலையின் மடியில் முழங்கையை ஊன்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் தள்ளிக்க ஆத்தா, பூ வைக்கணும்."

அக்கா ஒரு சாண் தள்ளினார். "வைங்க, வைங்க. வெரசா வச்சுட்டு நகருங்கண்ணே, ஜீப்பு வர்றது தெரியல."