திருநீறு தின்ற பச்சோந்தி

என் வீட்டில் இருபத்தைந்து நாள் மச்ச மாமிசம் இல்லை என்று நான் சொன்னால் இல்லைதான். நல்லூர்க் கந்தன் கோயிலில் கொடி ஏறுவதற்கு முதல் நாளே வீட்டைக் கழுவி, மீன்சட்டியையும் இறைச்சிச் சட்டியையும் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கவிழ்த்து வைத்துவிடுவோம். முட்டைகூடப் படி ஏறாது. அந்த வருடம் இந்தச் சட்டத்தை ஒரு பச்சோந்திக்கும் போட்டேன். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே இரண்டு போடலாம் போலிருக்கிறது.

அது நீர்வேலியில் வாங்கிய வாழைக்குலையோடு வந்தது. சீப்புகளுக்கு நடுவே, பின்னங்கால் நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. நான் தடியைத் தேடினேன். மனைவி விறாந்தையில் நின்ற செம்பரத்தைச் சாடியில் அதற்கு இடம் கொடுத்தாள். கால் ஆறும்வரைதான் என்றாள். ஆறு மாதம் ஆயிற்று. காலையில் கிணற்றடிப் புல்லில் வெட்டுக்கிளி பிடித்து நீட்டுவாள். அது ஒரு கண்ணால் அவளையும் மறுகண்ணால் வெட்டுக்கிளியையும் பார்க்கும். பிறகு தன் உடம்பைவிட நீளமான நாக்கைச் சடாரென்று எறியும். பிள்ளைகள் எல்லாம் வெளிநாடு போய்விட்ட வீட்டில், விடிந்ததும் தன்னை எதிர்பார்த்து ஒரு சீவன் இருக்கிறதே என்று அவளுக்கு அதில் அப்படியொரு சந்தோசம்.

கொடியேற்றத்தன்று அவள் வெட்டுக்கிளியோடு படியேற, நான் மறித்தேன்.

"இஞ்சரும், உது மச்சம்."

"தத்துவெட்டியோ மச்சம்?"

"உயிர் இருந்தால் மச்சம்தான். அவரும் விரதம் இருக்கட்டும். பப்பாசி குடும்."

"அவருக்கு நல்லூர் எந்தப் பக்கமெண்டே தெரியாது. உங்கடை விரதத்தை ஏன் அவற்றை வயித்திலை வைக்கிறியள்?"

சாடியோடு வளவுக்குள் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றாள். வளவும் வீடுதான் என்றேன். நான் இருந்த விரதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். சோயாமீற்றை இறைச்சிக்குப் போடும் சரக்குத்தூள் போட்டுப் பிரட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு ஆட்டிறைச்சி என்று நினைத்துத் தின்றேன். பச்சோந்திக்கு அப்படி நினைத்துத் தின்னத் தெரியாது.

பப்பாசியை அது ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஐந்தாம் நாள் செம்பரத்தை இலையைக் கடித்தது. "பாரும், சைவமாயிட்டார்!" என்று கைதட்டினேன். அடுத்த நாள் இறங்கிச் சாடி மண்ணைத் தின்றது. எட்டாம் நாள் பூசை முடிந்து திருநீற்றுத் தட்டை விறாந்தைத் திண்ணையில் வைத்தேன். அது தள்ளாடித் தள்ளாடி வந்து திருநீற்றை நக்கியது. ஐயோ, நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் சேட்டும் போடாமல் ஓடிவந்தார்.

"போன பிறவியிலை பூசகராய் இருந்திருக்கும், ஐசே!" என்று சொல்லிக்கொண்டே போனில் படம் பிடித்தார். பின்னேரமே விறாந்தை நிறைந்துவிட்டது. புத்தூரிலிருந்து வான் பிடித்து வந்தார்கள். நெல்லியடிக்காரர் ஒருவர் வெற்றிலையும் வாழைப்பழமும் வைத்துக் கும்பிட்டார். நான் நெஞ்சு நிறையச் சந்தனம் பூசி, அதற்குத் தகப்பன் போலப் பக்கத்தில் நின்றேன். இரண்டு நாள் எனக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

"அவர் நாக்கெறிஞ்சு கனநாள். பிடியும் இறுகேல்லை," என்று மனைவி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் காலையில் அது கொப்பிலிருந்து பொத்தென்று விழுந்தது. அவள் ஐஸ்கிறீம் பெட்டியில் அதை வைத்து மடியில் ஏந்த, ஸ்கூட்டரில் மிருக வைத்தியரிடம் போனோம். போன இடத்திலும் நான் வாயை மூடவில்லை; திருநீறு நக்கிய கதையை முழுக்கச் சொன்னேன். வைத்தியர் இளம்பெண். விரலால் மெல்ல வாயைத் திறந்தாள். தாடை ரப்பர் போல வளைந்தது.

"ஐயா, இது பக்தியில்லை, பசி. எலும்புக்கு முதலே சத்துக் காணாது. நீங்கள் பட்டினியும் போட்டிட்டியள். அதுதான் மண்ணையும் சாம்பலையும் தேடியிருக்கு. இது பூச்சி தின்னிற சீவன். பூச்சியைக் கல்சியம் தூளிலை பிரட்டி இண்டைக்கே குடுங்கோ. நாளைக்கெண்டு வைச்சியள் எண்டால் என்னட்டைக் கொண்டுவரத் தேவையிராது."

திரும்பும் வழியில் முதுகுக்குப் பின்னால் மனைவி மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. எனக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

கோயிலுக்குக் கட்டிய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிணற்றடிப் புல்லில் தவழ்ந்தேன். அவள் ஆறு மாதமாகச் செய்த வேலை இவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. முழங்கால் தேய்ந்து இரண்டு வெட்டுக்கிளி அகப்பட்டன. விறாந்தையில் குந்தியிருந்து, வைத்தியர் தந்த தூளில் முதலாவதைப் பிரட்டும்போது, புதுக் கும்பல் ஒன்றோடு அதிபர் வந்தார். கொண்டுவந்த ஒரு சீப்பு வாழைப்பழத்தைச் சாடியடியில் வைத்தார். என் விரலிடுக்கில் வெள்ளை வெளேரென்று நின்ற வெட்டுக்கிளியைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாத்தியளே! தத்துவெட்டிக்கும் திருநீறு பூசித்தான் படைக்கிறார்!"

நான் பேசாமல் இருந்தாலே போதும், என் மானம் தப்பிவிடும். மனைவி பச்சோந்தியின் வாயை விரலால் திறந்து பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"இல்லை மாஸ்டர். உது திருநீறில்லை, கல்சியம் தூள்," என்றேன். "நான் பட்டினி போட்டதிலை சாகக் கிடக்கிறார். அதுதான் மச்சம் குடுக்கிறன். கொடி நிக்கேக்கை, என்ரை வீட்டு விறாந்தையிலை."

அதிபர் கும்பலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வைத்த வாழைப்பழச் சீப்பைத் திருப்பி எடுத்துக்கொண்டு படியிறங்கினார். மற்றவர்களும் செருப்பைத் தேடினார்கள்.

வெட்டுக்கிளியை அதன் வாயில் வைத்தேன். பச்சோந்தி மெல்ல, மிக மெல்ல, மென்று விழுங்கியது. மனைவி என் பக்கம் கையை நீட்டினாள்.

"மற்றதையும் தாங்கோ."